போன் யார் எடுப்பது? சமூக ஊடக யோசனைக்கு ஒப்புதல் வாங்கும் வழி

கிள்ளான், தெங்கு கிளானா சாலையில் ஒரு துணிக்கடையின் மாடி அறை. தீபாவளிக்கு இரண்டே வாரம். கீழே நடைபாதை முழுக்கக் கூடாரங்கள், முறுக்கு வேகும் வாசம், கடைக்குக் கடை வேறு வேறு பாட்டு. மேலே நான் மடிக்கணினியைத் திறந்து வைத்து 24 பக்கங்களை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டிருந்தேன். டிக்டாக்கில் இப்போது எது ஓடுகிறது, இன்ஸ்டாகிராமில் எந்த வயதுக்காரர்கள் இருக்கிறார்கள், பிரிக்பீல்ட்ஸ் கடைகள் என்ன செய்கின்றன, எல்லாம் அதில் இருந்தன. ஒரு வாரம் தூக்கம் கெட்டுச் செய்த வேலை. முதலாளி கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நல்லாத்தான் இருக்கும்மா. நீ இத போட்டுட்ட. நாளைக்கு ஐம்பது பேரு போன் பண்றாங்க. யாரு எடுக்கிறது?”

என்னிடம் பதில் இல்லை. கீழே கவுண்டரில் இரண்டே பெண்கள். அந்த வாரம் அவர்கள் மதியச் சாப்பாட்டை மாலை நாலு மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். “தீபாவளி முடியட்டும், பாப்போம்” என்று முதலாளி எழுந்துவிட்டார். யோசனை அதோடு நின்றது.

அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இந்த அத்தியாயம் முழுக்க வரப்போகிறேன். துணிக்கடை, நகைக்கடை, வாழையிலைச் சாப்பாட்டுக்கடை, கிளினிக், டியூஷன் நிலையம், கே.எல். சென்ட்ரல் பக்கத்துக் கோபுரங்களில் இருக்கும் பெரிய அலுவலகம் என்று கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கே பார்த்தாலும், மேலே இருப்பவர்கள் யோசனையை மறுப்பது அபூர்வம். யோசனைக்குப் பின்னால் வரும் வேலையைத்தான் மறுக்கிறார்கள். பதிவு போட ஐந்து நிமிடம் போதும். அதன்பின் வருகிற கேள்வியை, புகாரை, விலை பேரத்தை, நள்ளிரவில் வரும் புலன (வாட்ஸ்அப்) செய்தியை யார் சுமப்பது என்று தெரியாதவரை எந்த முதலாளியும் தலையசைக்க மாட்டார். அசைக்கவும் கூடாது என்றே நான் நினைக்கிறேன்.

அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது

“எங்க பாஸ் பழைய காலத்து ஆளு” என்று சொல்லும் பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். இந்த நாட்டில் ஒரு பக்கத்தை நடத்துபவர் தாம் எழுதாததற்கும் பொறுப்பேற்க நேரலாம். 2021 பிப்ரவரி 19ஆம் நாள் மலேசியாகினி செய்தித் தளத்துக்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. குற்றம் நீதிமன்ற அவமதிப்பு. தளத்தின் செய்தியாளர்கள் எழுதிய எதற்காகவும் அந்தத் தண்டனை வரவில்லை. ஒரு செய்தியின் அடியில் வாசகர்கள் எழுதிய ஐந்து பின்னூட்டங்களுக்காக வந்தது. பொதுமக்கள் சில மணி நேரத்துக்குள் அந்தப் பணத்தைத் திரட்டிக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் துணிக்கடைக்கு அப்படி யார் திரட்டித் தருவார்கள்?

அந்தத் தீர்ப்பில் பேசப்பட்ட 114ஏ பிரிவு 2012இல் ஆதாரச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. பக்கத்தை நடத்துபவரே வெளியிட்டவராகக் கருதப்படுவார், இல்லையென்றால் இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கு மேல் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு இருக்கிறது. பிறரைப் புண்படுத்தும் உள்ளடக்கத்துக்கான பிரிவு. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்தில் அதன் உச்ச அபராதம் 5 லட்சம் ரிங்கிட்டாகவும் சிறைத் தண்டனை 2 ஆண்டாகவும் ஏறியது. உங்கள் முதலாளிக்குப் பிரிவு எண் தெரியாமல் இருக்கலாம். ஆனால் “யாராவது ஏதாவது எழுதித் தொலைச்சா?” என்று அவர் கேட்கும்போது இதைத்தான் கேட்கிறார்.

இன்னொரு பயம் சட்டப் புத்தகத்தில் இல்லை. பல கடைகளில் கேட்டிருக்கிறேன்: “முன்னாடி ஒரு பையன் இருந்தான். நல்லாத்தான் செஞ்சான். வேலைய விட்டுப் போகும்போது பாஸ்வேர்டும் அவனோட போயிடுச்சு.” கடையின் பெயரில் பழைய முகநூல் பக்கம் ஒன்று இன்னும் நிற்கும். அதில் பழைய தொலைபேசி எண், பழைய விலை. யாராலும் திறக்க முடியாது, மூடவும் முடியாது. இந்த அனுபவம் உள்ள முதலாளியிடம் போய் “பேஜ் ஓபன் பண்ணலாமா அண்ணே” என்று கேட்டால் அவர் முகம் ஏன் சுருங்குகிறது என்று இப்போது புரியும். ஆகவே பேச்சைத் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்: பக்கத்துக்கு முழு உரிமையுள்ள நிர்வாகிகள் இருவர் இருப்பார்கள், ஒருவர் முதலாளி அல்லது அவர் பிள்ளை, இன்னொருவர் நீங்கள். கணக்கு கடையின் மின்னஞ்சலில், கடையின் கைப்பேசி எண்ணில் திறக்கப்படும். நீங்கள் போனாலும் பக்கம் போகாது. இந்த ஒரு வாக்கியத்துக்கே பாதிச் சம்மதம் கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எப்போது, யாரிடம்

நான் செய்த முதல் தவறு 24 பக்கம் என்றால், இரண்டாவது தவறு தீபாவளி நெருங்கிய நேரம். தெங்கு கிளானா சாலையில் கார் நகராத நாளில் யாருக்கும் புதிய யோசனை தேவைப்படாது. நம் கடைகளுக்கு ஏற்ற மாதம் ஆடி. திருமண வியாபாரம் குறைந்து, முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படிக்க நேரம் கிடைக்கும் மாதம் அது. 2026இல் தீபாவளி நவம்பர் 8. ஆடியில் சம்மதம் வாங்கி, ஆவணியில் சோதித்து, புரட்டாசியில் திருத்தினால் ஐப்பசியில் கூட்டம் வரும்போது கை பழகியிருக்கும். டியூஷன் நிலையத்தில் வேலை செய்பவர்கள் தேர்வு முடிந்த வாரத்தைப் பாருங்கள். சாப்பாட்டுக்கடை என்றால் மதிய நெரிசல் ஓய்ந்து மூன்று மணிக்கு முதலாளி தேநீரோடு உட்காரும் அந்த அரைமணி நேரம்.

யாரிடம் என்பது இன்னும் முக்கியம். பெயர்ப்பலகையில் இருப்பவர் ஒருவர், “சரி” சொல்பவர் இன்னொருவர் என்பது நம் குடும்பத் தொழில்களில் சாதாரணம். கணக்கு பார்க்கும் அக்கா ஒருவர் இருப்பார். இருபது வருடமாக அதே மேசை. முதலாளி எதற்கும் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அவரிடம் முன்கூட்டியே போய், “அக்கா, இப்படி ஒண்ணு நெனச்சிருக்கேன், செலவு கணக்கு சரியா இருக்கா பாருங்க” என்று கேளுங்கள். உண்மையாகவே கேளுங்கள், அவரை வளைப்பதற்காக வேண்டாம். அவர் சொல்லித்தான் எனக்கே ஒன்று தெரிந்தது: முகநூல் விளம்பரத்துக்கு 200 வெள்ளி என்று எழுதினால் கணக்கு உதைக்கும். வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கு 2020 முதல் சேவை வரி இருக்கிறது, 2024 மார்ச்சிலிருந்து அது 8 விழுக்காடு. ஆக 216 வெள்ளி. அந்தப் 16 வெள்ளி என் தாளில் இருந்ததைப் பார்த்துத்தான் முதலாளி அடுத்த வரியைப் படித்தார்.

ஒரே தாள்

மறு வருடம் ஆடியில் அதே மாடி அறைக்கு மீண்டும் போனேன். கையில் மடிக்கணினி இல்லை. ஒரு தாளும் கைப்பேசியில் 50 விநாடிக் காணொலி ஒன்றும். தாளில் இருந்ததை ஏறக்குறைய அப்படியே தருகிறேன்.

“அண்ணே, நாலு வாரம் ஒரு சோதனை. வாரம் ஒரு காணொலி, செவ்வாய்க்கிழமை. பட்டுச் சேலைய எப்படி மடிச்சு வைக்கிறது, கறை பட்டா என்ன செய்றது, ஜரிகை கறுக்காம எப்படிப் பாத்துக்கிறது. பேசுறது நம்ம கவுண்டர் அக்கா, அவங்ககிட்ட கேட்டாச்சு, சரின்னுட்டாங்க. முதல் காணொலி எடுத்தாச்சு, எங்கயும் போடல, நீங்க பாத்த பிறகுதான். பதில் சொல்றது நான்: காலை 10 முதல் 10.30, மாலை 5 முதல் 5.30. மத்த நேரம் தானா ஒரு பதில் போகும். விலை பதிவிலயே இருக்கும், அதனால விலை கேட்டு வர்ற போன் குறையும். கெட்ட வார்த்தை, இனம், மதம், அரசியல் பத்தி யாராவது எழுதினா உடனே மறைப்பேன், உங்களுக்கும் படம் எடுத்து அனுப்புவேன். செலவு 216 வெள்ளி. கடைக்கு வர்றவங்கள ‘எங்க பாத்தீங்க’ன்னு கேட்டுக் கவுண்டர் நோட்டுல ஒரு கோடு போடுவோம். நாலு வாரத்துல அந்த நோட்டுல இருபது கோடு இல்லன்னா நானே நிறுத்திடறேன்.”

அவர் கேட்ட கேள்வி இப்போது தாளின் நடுவிலேயே பதிலாக உட்கார்ந்திருந்தது. யார் போன் எடுப்பது என்று அவர் கேட்கவே இல்லை. “கவுண்டர் அக்கா ஒத்துக்கிட்டாங்களா?” என்றுதான் கேட்டார். கீழே போய் அவரிடமே விசாரித்துவிட்டு வந்தார்.

அந்தத் தாளில் சிலவற்றைக் கவனியுங்கள். முதலாவது, காணொலி ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. சொல்லில் கேட்டால் ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொரு படம் ஓடும். முதலாளி மனத்தில் யாரோ ஒரு இளம்பெண் கடைக்குள் ஆடுகிற படம் ஓடிக்கொண்டிருக்கலாம். கவுண்டர் அக்கா தன் வழக்கமான குரலில், “சேலைய பிளாஸ்டிக் பைல கட்டி வைக்காதீங்கம்மா, பருத்தித் துணில சுத்துங்க” என்று சொல்வதைப் பார்த்ததும் அந்தப் படம் கலைந்துவிடும். அது அவர் கடை, அவர் ஆள், அவர் வாடிக்கையாளரிடம் முப்பது வருடமாகச் சொல்லிவரும் சொல்.

இரண்டாவது, நிறுத்தும் நாள். தொடங்குவதற்குச் சம்மதம் கேட்பவர்கள் அதிகம், நிறுத்துவதற்கு வழி சொல்பவர்கள் குறைவு. நாலு வாரம் என்று எல்லை கட்டினால் அவர் ஒரு பழக்கத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை, ஒரு மாதத்துக்குத்தான் ஒப்புக்கொள்கிறார். இருபது கோடு என்ற எண்ணை எந்த நிபுணரும் எனக்குத் தரவில்லை. எங்கள் கடைக்கு ஒரு நாளில் வருகிறவர்களைப் பார்த்து நானும் அக்காவும் போட்ட கணக்கு. உங்கள் கடைக்கு உங்கள் எண்.

விருப்பக்குறி எத்தனை, பார்வை எத்தனை என்று தாளில் எழுதாதீர்கள். ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்றால் அவர் சந்தோஷப்படுவார், நம்ப மாட்டார். அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் நோட்டில் பேனாவால் போட்ட கோட்டை நம்புவார்.

பதில் சொல்லும் வேலையைக் குறைக்கப் புலனத்தின் வணிகச் செயலி போதும், காசு இல்லை. கடை மூடியிருக்கும்போது தானாகப் போகும் செய்தி, அடிக்கடி வரும் கேள்விகளுக்குச் சேமித்த பதில், படமும் விலையும் போட்ட பட்டியல் எல்லாம் அதில் உண்டு. முதலாளியின் சொந்த எண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் பதிவில் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நிற்கும்போது அவர் கைப்பேசி அலறினால் உங்கள் யோசனை திங்கட்கிழமை இருக்காது.

முன்கூட்டியே கேட்க வேண்டிய அனுமதிகள்

2018 ஆகஸ்டில் பத்துமலைக் கோயிலில் நடந்தது நினைவிருக்கும். குடமுழுக்கை ஒட்டி 272 படிகளுக்கும் பல வண்ணம் தீட்டினார்கள். படம் இணையத்தில் ஏறியது, சில நாளில் உலகம் சுற்றியது. வெளிநாட்டுப் பயணிகள் அந்தப் படிகளில் நின்று படம் எடுப்பதற்கென்றே வந்தார்கள். பாராட்டு குவிந்துகொண்டிருந்தபோதே மரபுடைமைத் துறை வந்து கேட்டது: 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி எங்களிடம் அனுமதி வாங்கினீர்களா? பிரச்சினை பத்திரிகைகளில் ஓடியது. வண்ணம் இன்றுவரை இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். ஆனால் நல்ல யோசனைக்கும் ஒரு தாள் தேவைப்படுகிறது என்பதை அதைவிடப் பெரிதாக யாரும் நமக்குக் காட்ட முடியாது. ஊரே கைதட்டினாலும் அந்தக் கேள்வி வரும். அது வரும்போது முதலாளி உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்.

நம் தொழில்களில் அடிக்கடி இடிக்கும் இடங்களைச் சொல்கிறேன். விலை முதலில். படத்தைப் போட்டுவிட்டு “விலைக்கு பிஎம் பண்ணுங்க” என்று எழுதுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். இணையம்வழி விற்பவர் வணிகப் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், முழு விலை எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மின்வணிக விதிமுறைகள் 2012இலேயே வந்துவிட்டன. 2024 இறுதியில் அவை புதுப்பிக்கப்பட்டன. “பக்கத்துக் கடைக்காரன் விலையப் பாத்திடுவான்” என்று முதலாளி சொல்வார். அவன் நேற்றே ஆள் அனுப்பி விசாரித்துவிட்டான் என்பதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

கிளினிக்கில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் கிளினிக் ஒன்றில் வேலை பார்த்த தோழி, இரவெல்லாம் உட்கார்ந்து அழகான சுவரொட்டி ஒன்றைச் செய்தாள். சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை என்று பெரிய எழுத்தில் தலைப்பு. டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு வேண்டாம் என்றார், காரணமும் சொல்லவில்லை. அவள் மனம் உடைந்துபோனாள். காரணம் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தில் இருக்கிறது. சர்க்கரை நோய், புற்றுநோய், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளிட்ட 20 நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யவே கூடாது. மற்ற மருத்துவ விளம்பரங்களுக்கும் மருந்து விளம்பர வாரியத்தின் ஒப்புதல் எண் வேண்டும், கே.கே.எல்.ஐ.யு. என்று தொடங்கும் அந்த எண்ணை நீங்கள் விளம்பரங்களின் ஓரத்தில் பார்த்திருப்பீர்கள். தலைப்பை மாற்றி, அந்த எண்ணுக்கான விண்ணப்பத்தையும் பூர்த்தி செய்து எடுத்துக்கொண்டு போயிருந்தால் டாக்டர் உட்காரச் சொல்லியிருப்பார்.

பாட்டு விஷயத்தில் நம்மவர்களுக்கு மனம் இளகிவிடும். சேலைக் காணொலி என்றால் பின்னால் ராஜா பாட்டு வேண்டும். தனி ஆள் தன் கணக்கில் போடும் பாட்டை வணிகக் கணக்கில் போட முடியாது. டிக்டாக் வணிகக் கணக்குகளுக்கென்று தனி இசைத்தொகுப்பு வைத்திருக்கிறது, இன்ஸ்டாகிராமிலும் கட்டுப்பாடு உண்டு. மீறினால் ஒலியை அணைத்துவிடுவார்கள், அல்லது உரிமைதாரரின் கடிதம் வரும். 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் தன் பாட்டைப் பயன்படுத்தியதற்கு இளையராஜா அனுப்பிய அறிவிக்கையை எல்லாரும் படித்தோம். அதற்குப் பதில் உங்கள் கடையிலேயே இருக்கும் ஒலியைக் கேளுங்கள். பட்டு விரியும்போது எழும் சலசலப்பு, பூக்கடையில் நார் இழுபடும் ஒலி, தே தாரிக் உயரத்திலிருந்து குவளையில் விழும் ஒலி. கைப்பேசியை அருகே வைத்துப் பதிவு செய்தால் காசும் வேண்டாம், யாரிடமும் கேட்கவும் வேண்டாம்.

வாடிக்கையாளர் முகம் தெரிந்தால் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், குழந்தை என்றால் பெற்றோரிடம். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்பதுதான் மரியாதை.

கோபுரத்து அலுவலகத்தில் ஒரே தமிழராக இருந்தால்

இது வேறு உலகம். முதலாளி என்று ஒருவர் இல்லை. மேலாளர், அவருக்கு மேல் ஒருவர், சட்டப் பிரிவு, சிங்கப்பூரில் தலைமையகம். ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு வாரம். 2020 கணக்கெடுப்பின்படி நாட்டுக் குடிமக்களில் இந்தியர்கள் 6.7 விழுக்காடு, ஆகவே கூட்ட அறையில் நீங்கள் மட்டுமே தமிழராக இருப்பது இயல்பு. வருடம் முழுக்க உங்களை யாரும் விளம்பரம் பற்றிக் கேட்க மாட்டார்கள். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், எல்லாம் முடிந்த பிறகு, “இது சரியா பாரு” என்று ஒரு படம் வரும்.

அந்தப் படத்தில் பெரும்பாலும் தமிழ் உடைந்திருக்கும். “கொண்டாட்டம்” என்ற சொல்லைக் கண்முன் கொண்டுவாருங்கள். முதல் எழுத்தில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும். வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ககரம் முதலில் வந்து நிற்கும், கொம்பும் காலும் அதன் பின்னால் ஒட்டாமல் வரிசையாக நிற்கும். தமிழ் படிக்காத வடிவமைப்பாளருக்கு அது அழகான கோடுகளாகவே தெரியும். தமிழ்ப்பள்ளியில் படித்த ஒரு பிள்ளைக்கு அது தன் மொழியை யாரோ மிதித்துவிட்டுப் போனதுபோல் இருக்கும். கணினியில் தமிழை எழுத வைப்பதற்கு முத்து நெடுமாறன் 1985இலிருந்து முரசு அஞ்சல் வழியாக உழைத்தது இந்த நாட்டில்தான். அதே நாட்டின் தலைநகரில் தமிழ் இப்படி உடைந்து தொங்குவதை நான் ஒவ்வொரு தீபாவளிக்கும் வருத்தத்தோடு பார்க்கிறேன்.

ஆகவே அழைப்புக்குக் காத்திருக்காதீர்கள். ஆகஸ்டிலேயே மேலாளரிடம் போய், தீபாவளிப் பதிவுக்கான தமிழ் வரிகளை நான் தருகிறேன் என்று சொல்லுங்கள். கொடுக்கும்போது ஒவ்வொரு தமிழ் வரிக்கும் பக்கத்தில் மலாயிலும் ஆங்கிலத்திலும் பொருள் எழுதிக் கொடுங்கள். தனக்குப் படிக்கத் தெரியாத வரிக்குச் சட்டப் பிரிவு கையெழுத்துப் போடாது, போடச் சொல்வதும் நியாயமில்லை. “வாழ்த்துகள்” என்று எழுதினால் “வாழ்த்துக்கள்” என்று திருத்த ஒருவர் வருவார், மாற்றி எழுதினாலும் வருவார், அது எங்கள் வீட்டுச் சண்டை, பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்தப் பின்னூட்டத்துக்கு என்ன பதில் என்றும் எழுதி வைத்துவிடுங்கள்.

சில சமயம் நீங்கள் யோசனையைக் கொண்டுபோக மாட்டீர்கள், வேறொருவர் கொண்டுவந்ததைத் தடுக்க வேண்டியிருக்கும். 2017 ஜூனில் வாட்சன்ஸ் மலேசியா நோன்புப் பெருநாளுக்காக வெளியிட்ட காணொலியில் ஒரு பெண்ணின் முகத்தில் கறுப்பு பூசி, பிறகு அவளை வெளுப்பாக்கி அழகி என்றார்கள். எதிர்ப்பு எழுந்தது, காணொலியை நீக்கி மன்னிப்புக் கேட்டார்கள். நிறத்துக்காகப் பள்ளிக்கூடத்திலேயே கிண்டல் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அப்படி ஒன்று உங்கள் மேசைக்கு வந்தால் கூட்டத்தின் நடுவில் வெடிக்க வேண்டாம், மௌனமாகவும் இருக்க வேண்டாம். அன்றே மேலாளரைத் தனியாகப் பார்த்து, “இதைப் பார்த்தால் என் அம்மாவுக்கு வலிக்கும்” என்று சொல்லுங்கள். பிறகு மாற்று வரி ஒன்றைக் கையில் கொடுங்கள்.

நீங்கள் கொண்டுபோகும் பண்டிகைப் பதிவைப் பார்த்து “இதில் நம் பொருளே இல்லையே” என்று கேட்பவர்களுக்கு இயக்குநர் யாஸ்மின் அகமதுவைக் காட்டுங்கள். பெட்ரோனாசுக்காக அவர் 2007இல் எடுத்த சுதந்திர நாள் விளம்பரத்தில் டான் ஹோங் மிங் என்ற சீனச் சிறுவன் தனக்குப் பிடித்த மலாய்ச் சிறுமியைப் பற்றிப் பேசுவான். பெட்ரோல் ஒரு சொட்டும் கிடையாது. அடுத்த ஆண்டு கான் விளம்பர விழாவில் அது தங்கம் வென்றது. அந்த அளவு நம்பிக்கையை ஒரு நிறுவனம் ஒருவர்மேல் வைக்க வருடங்கள் ஆகும். உங்கள் நாலு வாரச் சோதனையும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

உடனே சம்மதம் கிடைக்கும் ஒரு யோசனை

புதிதாக வேலைக்குச் சேர்ந்து, முதல் “சரி”யை எப்படி வாங்குவது என்று தவிக்கிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையில் நின்று பத்து நிமிடம் பாருங்கள். வெள்ளைக் கோல் தரையைத் தட்டித் தட்டிப் போகும் ஒலி கேட்கும். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அதைச் சுற்றிப் பார்வையற்றவர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்கிறார்கள், உடம்புப்பிடி நிலையங்கள் நடத்துகிறார்கள், நம் கடைகளில் வாங்குகிறார்கள். அவர்களும் கைப்பேசி வைத்திருக்கிறார்கள், அது எழுத்தை வாசித்துக் காட்டும். நாம் போடும் சலுகை அறிவிப்பு முழுக்க ஒரே படமாக இருந்தால் அதில் உள்ள எழுத்து அந்தக் கருவிக்கு முழுதாக எட்டும் என்று சொல்ல முடியாது.

யோசனை இதுதான்: படத்தில் இருக்கும் தேதி, விலை, இடம் எல்லாவற்றையும் கீழே எழுத்தாகவும் எழுதுவது, படத்துக்கு ஒரு வரி விளக்கம் சேர்ப்பது, காணொலியில் விலையை வாயால் சொல்வது. செலவு ஒரு சென் இல்லை, வெளியார் அனுமதி எதுவும் தேவையில்லை, புகார் வராது. பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருக்கும் எந்த முதலாளியும் இதற்கு மறுத்து நான் பார்த்ததில்லை. தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பேச்சு உதவும்.

மறுத்தால், சம்மதித்தால்

மறுத்துவிட்டால் வாதாட வேண்டாம். “எது இருந்தா சரின்னு தோணும் அண்ணே?” என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டு, அவர் சொல்வதை அவர் எதிரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு ஆளைச் சொல்வார், ஒரு நேரத்தைச் சொல்வார், அல்லது தனக்கு முன்பு நடந்த ஒன்றைச் சொல்வார். அடுத்த தாளின் முதல் வரி அதுதான்.

சம்மதம் வாயால் வந்தால் அதை எழுத்தாக்குங்கள். எங்கள் முதலாளி குரல் பதிவுதான் அனுப்பினார், கார் ஓட்டிக்கொண்டே: “சரிம்மா, போடு.” நான் திருப்பி எழுதினேன்: “நன்றி அண்ணே. வரும் செவ்வாய் காலை 10 மணிக்கு முதல் காணொலி, நீங்கள் பார்த்த அதே காணொலி, விலை 380 வெள்ளி என்று போட்டு. நாலு வாரம். சரி என்றால் ஒரு ‘ஓகே’ போடுங்கள்.” இரண்டு மணி நேரம் கழித்து ஒரு கட்டைவிரல் வந்தது. அதைப் படம் எடுத்துக் கணக்கு அக்காவுக்கும் அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை கவுண்டரில் கடையின் கைப்பேசியை மின்னூட்டியோடு வைத்தோம். பக்கத்தில் நோட்டு, நூலில் கட்டிய பேனா. பத்து மணிக்குப் போட்டோம். பத்து ஏழுக்கு முதல் பின்னூட்டம் வந்தது, “அக்கா இந்த கலர்ல பச்சை இருக்கா?” என்று. கவுண்டர் அக்கா படியேறி வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “இருக்குன்னு சொல்லு, ரெண்டு இருக்கு” என்றார்.